உடன்பிறந்தவர்கள் பாலைவனப் பந்தயத்தில் இறங்கும்போது: கேள்வி பதில்

கேள்வி: நானும் தம்பியும் சேமித்த பணத்தில் பாலைவனப் பந்தயம் ஓட்ட விரும்புகிறோம். எந்த வண்டியில் தொடங்கலாம்?

பதில்: ஒருவர் பந்தயத்துக்கென்றே கட்டி, சில பந்தயங்கள் ஓட்டிய பிறகு விற்க முன்வரும் வண்டியை வாங்குங்கள். புதிதாகக் கட்டினால் நீங்கள் போட்ட கணக்கு பாதியிலேயே கைமீறிப் போய்விடும். மாற்றங்களை அதிகம் அனுமதிக்காத பிரிவே உங்களுக்கு ஏற்றது. அங்கே பணத்தை விடப் பொறுமைக்கே மதிப்பு. மெக்சிகோவின் பாஹா 1000 பந்தயத்தில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்களுக்கென்றே 11-ஆம் வகுப்பு என ஒரு பிரிவு உண்டு. பீட்டிலின் எஞ்சின் காற்றால் குளிர்வதால் கல் பட்டு உடைய ரேடியேட்டரே கிடையாது. எஞ்சின் பின்னால் இருப்பதால் அதன் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே விழுந்து மணலில் பிடிப்பைத் தருகிறது. 1967-இல் நடந்த முதல் பந்தயத்தை 27 மணி 38 நிமிடத்தில் வென்றதும், பீட்டிலின் பாகங்களைக் கொண்டு கட்டிய மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற பக்கி (மணலில் ஓட்டும் திறந்த சிறு கார்) வண்டிதான்.

கேள்வி: எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது?

பதில்: எஞ்சின் சக்தி, பெயின்ட், பளபளப்பான வீல்கள் ஆகியவற்றில் தாராளமாகச் சிக்கனம் பிடியுங்கள். ரோல் கேஜ் (வண்டி உருண்டால் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு), சீட், பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான் ஆகியவற்றில் ஒரு காசும் குறைக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்காரப்போவது உங்கள் கூடப்பிறந்தவர். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதாது. ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பு கார் பந்தய ஹெல்மெட்டுகளுக்குத் தரும் எஸ்ஏ முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்; அதில் நெருப்பைத் தாங்கும் சோதனையும் அடங்கும். பந்தயக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் முத்திரையுள்ள பெல்ட்டின் துணிப்பட்டை, தயாரித்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், பழைய வண்டியோடு வரும் பெல்ட்டை விலையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: அக்காவும் நானும் ஸ்டியரிங்குக்காக இப்போதே சண்டை போடுகிறோம். என்ன செய்வது?

பதில்: எந்த மைல்கல்லில் இருவரும் இடம் மாறுவீர்கள் என்பதைப் பந்தயத்துக்கு முந்தைய வாரமே எழுதிவையுங்கள். இணை ஓட்டுநர் சும்மா உட்கார்ந்து வருபவர் அல்லர். ஜிபிஎஸ்ஸையும் எஞ்சின் வெப்பமானியையும் பார்த்துக்கொண்டு, பின்னால் வரும் வேகமான வண்டிக்கு எங்கே ஒதுங்குவது என்று சொல்பவரும் அவரே. அவர் "நிறுத்து" என்றால் ஓட்டுபவர் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். வாதத்தை வண்டி நின்ற பிறகு வைத்துக்கொள்ளலாம். வயதில் மூத்தவர் என்பதற்கு வண்டிக்குள் எந்தச் சலுகையும் கிடையாது. ஒருவர் உயரமாகவும் மற்றவர் குள்ளமாகவும் இருந்தால், இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தோள் பெல்ட்டைச் சரிசெய்யும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: பயிற்சியில் எதற்கு அதிக நேரம் ஒதுக்கலாம்?

பதில்: டயர் மாற்றுவதற்கு. வீட்டு வாசலில் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, மணலில் வேறாகிவிடும். ஜாக்கை வைத்து நாலு முறை அழுத்தினால் வண்டி மேலே வராது, ஜாக்தான் கீழே புதையும். அதன் அடியில் போட அகலமான பலகை ஒன்றை வண்டியிலேயே கட்டிவையுங்கள். கழற்றிய நட்டுகளைத் தரையில் வைத்தால் மாவு போன்ற புழுதி மரைக்குள் ஏறி, திரும்பப் பூட்டும்போது நட்டு சிக்கிக்கொள்ளும். ஒருவர் கழற்ற, மற்றவர் துணிப்பையில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை ஹெல்மெட்டும் கையுறையும் அணிந்து, இருட்டிலும் பழகுங்கள்.

கேள்வி: உதவிக் குழுவுக்கு எத்தனை பேர்?

பதில்: ஒரு வண்டியும், களைத்தால் மாற்றி ஓட்ட இருவரும் போதும். தண்ணீர், எரிபொருள், எஞ்சினுக்கான உதிரி பெல்ட், காற்று வடிகட்டி ஆகியவற்றை அவர்கள் சுமக்கட்டும்.

கேள்வி: முதல் பந்தயத்தில் எவ்வளவு வேகம் போகலாம்?

பதில்: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிந்த அளவே போங்கள். முன்னால் போகும் வண்டி கிளப்பிய புழுதி சுவர்போல் நிற்கும்போது, அதற்குள் ஒரு பாறையோ, நின்றுபோன வண்டியோ, அதை விட்டு இறங்கிய ஆளோ இருக்கக்கூடும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, காற்று புழுதியை ஒதுக்கும் வரை காத்திருங்கள்.