ஹார்ட் டிஸ்க் மட்டும் ஏன் வேகமாகவில்லை?

கம்ப்யூட்டரில் மற்றதெல்லாம் வேகமாகும்போது, தகவலைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் ஏன் பின்தங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். கெட்டுப்போன டிஸ்க்கைத் திறந்தால் கண்ணாடிபோல் மின்னும் தட்டும், அதன்மேல் பதிவுகளைப் படிக்கும் மெல்லிய கையும் தெரியும். தட்டில் பதியும் பதிவுகளை மேலும் மேலும் பொடிசாக்கிக் கொள்ளளவைப் பல ஆயிரம் மடங்கு கூட்டிவிட்டார்கள். ஆனால் தட்டைச் சுழற்றுவது மோட்டார். நிமிடத்துக்கு 7200 சுற்று 1992-லேயே வந்தது. இன்றும் பெரும்பாலும் அதுதான். வேண்டிய பதிவு கைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி விநாடி ஆகும். அதற்குள் பிராசஸர் ஒரு கோடி கணக்குக்கு மேல் போட்டுவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் எந்த வண்டியானாலும் நிற்க வேண்டியதுதானே, அப்படி.

சரி, வேகமாகச் சுற்றினால்? 15,000 சுற்று டிஸ்க்கும் வந்தது. சூடும் சத்தமும் ஏறின. அப்புறம் சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வந்து அதை ஓரங்கட்டியது.