டீச் சக்கையை என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தினமும் டீ வடிகட்டிய சக்கையை ரோஜாத் தொட்டியில் கொட்டி வந்தேன். இப்போது மண்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. எறும்பும் குட்டி ஈக்களும் மொய்க்கின்றன. டீத்தூள் ரோஜாவுக்கு ஆகாதா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக ஆகும். வினை வைத்தது டீத்தூள் அல்ல, அதில் ஒட்டியிருந்த பாலும் சர்க்கரையும். நம் வீடுகளில் தூளைப் பாலோடு சேர்த்தே கொதிக்கவிடுகிறோம். அந்தச் சக்கை ஈரத்தோடு மண்ணில் விழுந்தால் பால் புளிக்கும், சர்க்கரை எறும்பைக் கூட்டும். நாள்தோறும் கொட்டும்போது தூள் ஏடு போலப் படிந்து இறுகி, ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும்.

முதலில் மேலே படிந்திருப்பதைச் சுரண்டி எடுங்கள். மேல்மண்ணை ஒரு அங்குலம் கொத்திவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் காயவிடுங்கள். இனி சேரும் சக்கையை வடிகட்டியிலேயே வைத்து, குழாயடியில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். வழியும் தண்ணீரில் பால் வெள்ளை தெரியாமல் போகும்வரை அலச வேண்டும். பிறகு பழைய செய்தித்தாளில் மெல்லியதாகப் பரப்பி, விரலில் ஒட்டாமல் உதிரும்வரை வெயிலில் காயவையுங்கள். நல்ல வெயிலுக்கு இரண்டு நாள் போதும். டப்பாவில் சேர்த்துவைத்து, 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி என்ற கணக்கில், தண்டை ஒட்டாமல் ஓரமாகத் தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள். இதில் தழைச்சத்து உண்டு. ஆனால் மட்கிய பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். அதனால் இன்று போட்டு அடுத்த வாரம் மொட்டை எதிர்பார்க்காதீர்கள். தொழுவுரத்துக்கு இது துணைதான், மாற்று அல்ல.

இஞ்சி, ஏலக்காய்த் தோல் கலந்திருந்தால் பாதகமில்லை. எலுமிச்சைத் தோலை மட்டும் பொறுக்கிவிடுங்கள், மட்க நாளாகும்.

கேள்வி: டீ பையை அப்படியே மண்ணில் புதைக்கலாமா?

பதில்: வேண்டாம். பல பைகளில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், அது மட்காது. பையைக் கிழித்துத் தூளை மட்டும் எடுங்கள். பையில் ஸ்டேபிள் பின் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மிஞ்சிய பால் டீயை மாலையில் சுடவைத்துக் குடிக்கலாமா?

பதில்: நம் ஊர் வெக்கையில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த பால் டீயைக் கொட்டிவிடுவதே நல்லது. கொதிக்கவைத்தால் கிருமி சாகலாம். சில கிருமிகள் ஏற்கெனவே கக்கிய நஞ்சு கொதியிலும் அழியாது.

கேள்வி: பால் சேர்க்காத டிகாஷன் மிஞ்சினால் கண்ணாடி துடைக்கலாம் என்கிறார்களே?

பதில்: சர்க்கரையும் சேர்க்காததாக இருந்தால் துடைக்கலாம். நன்றாக ஆறியதும் துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள், உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. விரல் தடமும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். போர்வெல் தண்ணீர் விட்ட உப்புக்கறை இதற்கு அசையாது, வினிகர்தான் வேண்டும். வெள்ளை மார்பிள் பக்கம் டிகாஷனைக் கொண்டுபோகவே வேண்டாம், கறை ஊறிவிடும்.

கேள்வி: மருதாணிப் பொடி ஊறவைக்கச் சக்கையை மறுபடி கொதிக்கவைத்த தண்ணீர் போதுமா?

பதில்: போதாது, சாரம் முதல் கொதியிலேயே பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. 100 கிராம் பொடிக்கு, புதிய டீத்தூள் இரண்டு தேக்கரண்டியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளராகச் சுண்டவிட்டு வடிகட்டுங்கள். வெதுவெதுப்பானதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, இரும்புச் சட்டியில் இரவு முழுக்க மூடிவையுங்கள். டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால்தான் கலவை கறுக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் அந்தக் கறுப்பு வராது.

கேள்வி: சக்கையைச் சிங்க்கில் கழுவிவிட்டால் என்ன?

பதில்: குழாயில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, வளைவில் கட்டிக்கொள்ளும். அலசும்போதும் வடிகட்டியைக் கவிழ்க்காதீர்கள்.