மெக்ரிட்சி இருக்க தோபா எதற்கு?

கேள்வி: ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு சுமத்ராவின் தோபா ஏரிக்கு இரண்டு இரவு பேக்கேஜ் போகலாம் என்றேன். "தண்ணியைப் பார்க்க விமானம் ஏறணுமா? மெக்ரிட்சி இருக்கே!" என்கிறார் வீட்டுக்காரர். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
– வாசகி, ஈசூன்

பதில்: தீர்ப்பு இருவருக்குமே பாதகம்தான்.

முதலில் வீட்டுக்காரர். நம் சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கம், 1860களில் குடிதண்ணீருக்காக ஓடையை மறித்துக் கட்டியது. நடக்க அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் ஆசைப்பட்டு உள்ளே இறங்கிக் குளிக்க முடியுமா? தோபா கதையே வேறு. அது எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்துக் கக்கிய சாம்பல், மலேசியாவில் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் இன்னும் மண்ணுக்கடியில் அடுக்காகக் கிடக்கிறது. உள்ளிருந்த பாறைக் குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்ததும் மேலே இருந்த நிலம் அப்படியே சரிந்து உள்ளே விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்து, சுமார் 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமுமாகக் கிடப்பதுதான் ஏரி. அப்புறமும் பூமி சும்மா இருக்கவில்லை. கீழிருந்து உந்தி ஏரியின் அடித்தரையையே மேலே தூக்கியது. அதுதான் நடுவில் இருக்கும் சாமோசிர் தீவு. அதன் மேட்டு நிலத்தில் ஏரி வண்டல் படிந்திருப்பதே அதற்குச் சாட்சி. பரப்பில் நம் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். ஆழம் 500 மீட்டர் வரை போகிறது; நம் புக்கிட் தீமா குன்றை மூன்று தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இரவில் ஸ்வெட்டர் தேவைப்படுவது அந்த உயரத்தால்தான்.

இனி உங்கள் கணக்கு. இரண்டு இரவா? மேடானுக்கு ஒன்றரை மணி நேரம் பறந்து, அங்கிருந்து ஏரிக்கரை ஊரான பாராபாட்டுக்குச் சாலையில் நான்கு மணி நேரம் குலுங்கி, பிறகு படகு. போனதும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். அதற்கு வீட்டுக்காரர் சொல்வதே மேல், காசாவது மிச்சம். குறைந்தது நான்கு இரவு வையுங்கள். சாமோசிரின் துக்துக்கில் தங்குங்கள். அங்கே பல விடுதிகளில் படிக்கட்டு நேராக ஏரிக்குள் இறங்கும். தண்ணீருக்குள் முதல் சில படிகள் பச்சையாகத் தெரியும், அதற்கப்புறம் ஒரே கறுப்பு. நீந்தத் தெரியாத பிள்ளைகளை அங்கே தனியே விடாதீர்கள். மீன்கூண்டுகள் மிதக்கும் பக்கமும் குளிக்க வேண்டாம். 2016இல் அப்படிப்பட்ட கூண்டுகளில் டன் கணக்கில் மீன் செத்து மிதந்தது.

ஒரு நாள் பாங்குருரான் வெந்நீர் ஊற்று, இன்னொரு நாள் வடகரையில் சுமார் 120 மீட்டர் விழும் சிபிசோபிசோ அருவி. அந்தப் பக்கம் காரோ பாத்தாக் மக்கள் ஊர். அவர்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்றெல்லாம் கிளைகள் உண்டு. சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில் பாருஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. கர்ப்பூரம் வாங்கப் போன நம் வணிகர்கள் வைத்தது. ஆக, சுமத்ராவுக்குப் போகும் முதல் தமிழ்க் குடும்பம் உங்களுடையது அல்ல!

சாப்பாட்டில் ஆர்சிக் மீனை விடாதீர்கள். மஞ்சளும் அண்டாலிமான் என்ற காட்டு மிளகும் சேர்த்துச் சாறு வற்றும்வரை வேகவைப்பார்கள். நாக்கு லேசாக மரத்துப்போகும். சைவம் என்றால் பருப்புப் பொடி பெட்டியில் இருக்கட்டும்.

பேக்கேஜ்காரரிடம் தள்ளுபடி கேட்கும் முன், படகில் பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேளுங்கள். 2018இல், நீங்கள் போக நினைக்கும் அதே ஜூன் மாதக் கூட்டத்தில், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு ஒன்று மூழ்கி 150க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். படகு சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கிடந்தது, மேலே கொண்டுவர முடியவில்லை. துறையில் நிற்கும் படகு நிரம்பி வழிந்தால், யார் அவசரப்படுத்தினாலும் ஏறாதீர்கள். அடுத்தது வரும்.