நான் ஞானத்தாயாக நிற்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 54 வயது. கிருஷ்ணகிரியில் வளர்ந்து இப்போது ஓசூரில் இருக்கிறேன். நாங்கள் லுத்தரன், பிராட்டஸ்டண்ட் சபைகளில் ஒன்று. சின்ன வயதில் பக்கத்து வீடு ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு, தண்ணீர் எடுப்பதும் ஒரே கிணறு. ஒன்பது வயதில் ஒரு அக்டோபர் 31 அன்று எங்கள் சர்ச்சில் சீர்திருத்தத் திருநாள் ஆராதனை முடிந்து வந்தேன். அவர்கள் வீட்டில் ஜெபமாலை மாதத்தின் கடைசி நாள் என்று மாதா சுரூபத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். "பொம்மைக்கு எதுக்குடி மாலை? இரண்டாம் கட்டளைப்படி நீங்க எல்லாரும் நரகத்துக்குத்தான் போவீங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அவள் அம்மா ஒன்றுமே சொல்லாமல் ஒரு பொட்டலம் சுண்டலை என் கையில் வைத்து அனுப்பினார். அப்புறமும் நாங்கள் சிநேகிதிகள்தான், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததே இல்லை. அந்த அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது அவள் தன் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தாயாக நிற்கச் சொல்கிறாள். பங்குச் சாமியார், ஆர்.சி.யாக இருந்தால்தான் முடியும் என்றுவிட்டாராம். "அவமானப்பட எதுக்குப் போற?" என்கிறார் என் அண்ணன். போகலாமா? அந்தப் பழைய பேச்சுக்கு இப்போது போய் மன்னிப்புக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

பெயர் வேண்டாம், ஓசூர்.

பதில்:

போங்கள். அண்ணனிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

முதலில் அந்தச் சாமியார் விஷயம். அவர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் வருடச் சட்டத் தொகுப்பில் 874-ஆவது சட்டம் ஞானப்பெற்றோரைப் பற்றியது. கத்தோலிக்கராக இருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும், 16 வயது முடிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களை மாதிரி ஆட்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறது. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், கத்தோலிக்க ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ ஒருவர் உடன் நிற்கும் பட்சத்தில், ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நிற்கலாம். ஞானப்பெற்றோர் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, ஒருவர் போதும். ஆகவே உங்கள் தோழி தன் சொந்தத்தில் ஒரு நல்ல கத்தோலிக்கரைப் பிடித்து ஞானத்தாயாக வைத்துக்கொண்டு, "இவங்க சாட்சியா நிக்கட்டும் ஃபாதர்" என்று திரும்பக் கேட்கட்டும். இப்படிக் கேட்டுத்தான் பார்க்கவில்லையே.

இதில் அவமானம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஞானத்தாய் என்பது பட்டுப்புடவையும் போட்டோவும் மட்டும் இல்லை, பிள்ளையைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கக் கூட நிற்பேன் என்று பீடத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வது. நாளைக்கு அந்தப் பெண்ணை மடியில் உட்கார வைத்துச் செபமாலை சொல்லிக் கொடுப்பீர்களா நீங்கள்? மாட்டீர்கள், அப்படி நான் உங்களிடம் எதிர்பார்க்கவும் இல்லை. ஒப்புக்கு வாக்குக் கொடுப்பதைவிட உள்ளபடி சாட்சியாக நிற்பது மேல். இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள்: உங்கள் சர்ச்சில் நீங்கள் வாங்கிய ஞானஸ்நானம் செல்லும் என்று ஒத்துக்கொள்வதால்தான் அந்த இடத்தையே தருகிறார்கள். ஞானஸ்நானமே பெறாத ஒருவருக்கு அதுவும் கிடையாது.

சரி, அந்த மாலைக்கு வருவோம்.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவள். தர்மபுரியை ஒட்டிக் கோவிலூர்ப் பக்கம், எங்கள் தெருவில் திரும்பின திசையெல்லாம் ஆர்.சி., ஒரே ஒரு வீடுதான் பிராட்டஸ்டண்ட், மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார் குடும்பம். அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போகும், போன வீட்டில் 53 மணியும் சொல்லி, பிரார்த்தனை பாடி, பொரியும் வெல்லமும் வாங்கித் தின்றுவிட்டு வருவோம். வாத்தியார் வீட்டுக்கு மட்டும் போகாது. அந்த வீட்டைத் தாண்டும்போது பாட்டுச் சத்தத்தை வேண்டுமென்றே ஒரு படி கூட்டுவோம், பெரியவர்களும் சேர்ந்துதான். தெருவிளக்கு கிடையாது. அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு, மற்ற மாதங்களில் எட்டு மணிக்கெல்லாம் அணைந்துவிடும், அக்டோபரில் மட்டும் நாங்கள் கடந்து போகும்வரை எரியும். கதவு சாத்தியிருக்கும், உள்ளே ஆள் அரவம் இருக்காது, விளக்கு மட்டும் எரியும். அவர் மாற்றலாகிப் போன அடுத்த அக்டோபரில் சுரூபம் தூக்கி வந்தவர் அந்த மேட்டில் கால் இடறி விழப் பார்த்தபோதுதான், அது யாருக்காக எரிந்தது என்று எனக்கு உறைத்தது.

அந்த வாத்தியார் மகளிடம் நான் சொன்னதையும் கேளுங்கள். "உங்களுக்கு மாதா இல்ல, அதனால நீங்க எல்லாம் தாயில்லாப் பிள்ளைங்க." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கம்மா உள்ள களி கிண்டிட்டிருக்காங்க" என்றாள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றில் என்னவோ பண்ணுகிறது. அந்தக் குடும்பம் எங்கே போனது, அவள் இப்போது எங்கே இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. உங்களுக்கு ஆள் எதிரிலேயே இருக்கிறார், அதுவும் அவராகவே கூப்பிடுகிறார்.

நீங்கள் எழுதியதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? "இரண்டாம் கட்டளைப்படி" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லுத்தரன் ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அதில் இரண்டாம் கட்டளை, கர்த்தருடைய நாமத்தை வீணாக வழங்காதே என்பது. விக்கிரகத்தைத் தனியாக இரண்டாம் கட்டளையாக எண்ணுவது சி.எஸ்.ஐ. மாதிரியான சபைகளின் கணக்கு. லுத்தரன்களும் நாங்களும் பத்துக் கட்டளையை எண்ணுவது ஒரே மாதிரி, சின்னக் குறிப்பிடம் என்கிற எங்கள் ஞானோபதேசப் புத்தகத்திலும் அதே வரிசைதான். அதாவது நீங்கள் அன்றைக்கு எடுத்து வீசிய கல் உங்கள் வீட்டுக் கல்லே இல்லை. ஏதோ கன்வென்ஷன் கூட்டத்திலோ, யாரோ வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் வாயிலிருந்தோ பொறுக்கியது. போதாக்குறைக்கு, 1522-இல் விட்டன்பர்க் ஊரில் கோயில் படங்களையும் சுரூபங்களையும் உடைக்கக் கிளம்பியவர்களைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவரே மார்ட்டின் லூத்தர்தான். கும்பிடக் கூடாது என்றார், ஆனால் பலாத்காரமாக உடைக்கவும் கூடாது என்றார்.

எங்கள் பக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. சதுரகராதி எழுதிய நம் வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன்களை மறுக்கவென்றே 'பேதகம் மறுத்தல்' என்று ஒரு நூல் எழுதியவர். தரங்கம்பாடிக்கு லுத்தரன் மிஷன் வந்தது 1706-இல், அன்று தொடங்கிய தகராறு. உங்கள் கிருஷ்ணகிரிக்கு லுத்தரன் மிஷன் வந்த கதையும் அப்படித்தான். 1895-இல் வந்த தியோடர் நேதர் என்ற மிஷனரி ஏற்கெனவே இன்னொரு லுத்தரன் மிஷனில் இருந்து, வேத வசனத்தைப் பற்றிய தகராறில் பிரிந்தவர். பிரிந்து வந்து, இங்கே ஊழியம் செய்து, 1904-இல் பிளேக்கில் போய்ச் சேர்ந்தார். பெரியவர்கள் முந்நூறு வருடமாகத் தமிழிலேயே போட்ட சண்டையில் ஒரு துண்டு, ஒன்பது வயதுப் பிள்ளை வாயில் வந்து விழுந்திருக்கிறது. அதற்காக நீங்கள் சொல்லவே இல்லை என்று ஆகிவிடாது, சொன்னது நீங்கள்தான், அவள் அழுதது நிஜம்.

அந்த அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைத் தேவதையாக்கி மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. என் சித்தி வாழ்க்கைப்பட்டது கிருஷ்ணகிரி பழையபேட்டையில், அதனால் அந்த மாதிரித் தெரு எனக்குப் பழக்கம். கிறிஸ்துமஸ் ராத்திரி ஆர்.சி. வீடுகள் நடுநிசிப் பூசை முடிந்து இரண்டு மணிக்கு வரும், லுத்தரன் வீடுகள் விடியற்கால ஆராதனைக்கு நாலு மணிக்குக் கிளம்பும். சித்தி வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, வெந்நீர் போடுங்க, நேரமாச்சு" என்று எழுப்பிவிட்டுத்தான் படுக்கப் போவாள். அலாரம் கடிகாரம் இல்லாத வீடு அது. பெரிய வெள்ளியன்று எங்களுக்குச் சிலுவைப்பாதை 14 நிலை, அவர்களுக்கு ஏழு வார்த்தைப் பிரசங்கம், யாருக்கு முட்டி அதிகம் வலித்தது என்று சாயந்திரம் பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். அந்த அக்காளும் சித்தியும் அடித்துக்கொண்டதும் உண்டு, முருங்கைக் கிளைக்கும் சாக்கடைக்கும், ஒரு தரம் கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது, அதாவது முன்கூட்டி அறிவிப்பது, எந்தக் கோயிலில் என்பதற்கும். உங்கள் தோழியின் அம்மாவும் மறுநாள் காலையில் கிணற்றடியில் உங்கள் அம்மா முகத்தில் விழிக்க வேண்டியவர். உள்ளே கோபம் பொங்கியிருக்கும். "இதுக்கு இவங்க வீட்டுல என்ன சொல்லிக் குடுக்கறாங்க" என்று ராத்திரி புருஷனிடம் புலம்பியும் இருப்பார். ஆனாலும் வீடு வந்த பிள்ளையை வெறும் கையோடு அனுப்பவில்லை. கோபத்தோடு கொடுத்த சுண்டல் என்றால் எனக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

மன்னிப்புக் கேட்பது பற்றி. கேளுங்கள், ஆனால் ஞானஸ்நான நாளில் வேண்டாம். அது பிள்ளையின் நாள், நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். போனிலும் வேண்டாம். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு சாதாரண நாளில் அவள் வீட்டுக்குப் போய், அவள் வெங்காயம் உரிக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அன்றைக்குச் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லி, "நான் சொன்னது தப்புடி" என்று முடித்துவிடுங்கள். "சின்னப் பிள்ளைதானே, யாரோ சொல்லிக் கொடுத்தது" என்ற விளக்கமெல்லாம் அவள் வாயிலிருந்து வரட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். நான் மேலே எழுதிய கட்டளைக் கணக்கையும் அங்கே அவிழ்க்க வேண்டாம், அது நமக்குள். அவள் சிரிக்கலாம், சிரித்தால் நல்லது. மறந்தே போயிருக்கலாம். இல்லை, நீங்கள் மறந்துபோன வேறொன்றை அவள் இத்தனை வருடம் வைத்திருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளத் தயாராகப் போங்கள்.

அவள் அம்மாவுக்கு என்று ஏதாவது செய்யத் தோன்றினால், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவளோடு போய் வாருங்கள். செத்தவர்களுக்காகச் செபிப்பது உங்களுக்கு வழக்கமில்லை, தெரியும். அவள் மெழுகுவத்தி ஏற்றுவாள், நீங்கள் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு நின்றால் போதும்.

கோயிலுக்குள் என்ன செய்வது என்ற தயக்கமும் இருக்கும். பூசையோடு சேர்த்து ஞானஸ்நானம் வைத்தால் நற்கருணை நேரத்தில் வரிசையில் போகாமல் உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முட்டி போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். மற்றபடி திகைக்க ஒன்றுமில்லை. இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று நாங்கள் பேசியது போய், 1995-இல் வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பு வந்ததிலிருந்து எங்களுக்கும் பேதுரு, பவுல், யோவான்தான். ஜெபத்தை மட்டும் இன்னும் செபம் என்போம். உங்கள் சபைப் போதகர் ஐயரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வையுங்கள், இன்னொருவர் வாயால் அவருக்குப் போக வேண்டாம். அவர் முகம் சுளித்தால், 1999-இல் அதே அக்டோபர் 31 அன்று, விசுவாசத்தால் நீதிமானாவது பற்றி ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதை ஞாபகப்படுத்துங்கள். எல்லா லுத்தரன் சபைக்கும் அந்தக் கையெழுத்தில் சம்மதமில்லை என்று அவர் திருப்பிச் சொல்லக்கூடும், அதுவும் வாஸ்தவம்தான், அங்கேயே விட்டுவிடுங்கள். அண்ணனிடம் வாதாட வேண்டாம், வண்டி ஓட்ட வரச் சொல்லுங்கள். வந்தால் பிரியாணி சாப்பிடாமல் போகமாட்டார்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை ஞானத்தாய் எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் பக்கம் வழக்கம். கூட நிற்கப் போகிற அந்த ஞானத்தாயிடம் யார் எடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்து வந்துவிட்டாலும் பரவாயில்லை, தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒன்று நனையத்தானே போகிறது.