புது டெக்குக்கு எந்த ஸ்டெயின்?
டொரோன்டோவில் போன மாதம்தான் வீட்டுக்கு வெளியே டெக் (மரப்பலகைத் தளம்) போட்டீர்கள், ப்ரெஷர் ட்ரீட்டட் பைன், இப்போதே எண்ணெய் ஸ்டெயின் (மரத்தைக் காக்கும் பூச்சு) அடிக்கலாமா, எந்த வகை என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த மரம், அழுகாமலிருக்க மருந்துத் தண்ணீரை அழுத்தி உள்ளே ஏற்றி வந்தது. ஈரம் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே இறங்காது. பலகைமேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் பொறுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சி இடம் கருத்தால் அடிக்கலாம்.

வகை என்றால் என் ஓட்டு பாதி ஒளி ஊடுருவும் செமி டிரான்ஸ்பரன்ட்டுக்குத்தான். மரத்தின் ரேகையும் தெரியும், நிறமி இருப்பதால் வெயிலையும் ஓரளவு தாங்கும். நிறமே இல்லாத எண்ணெய் போட்டால் மரம் சீக்கிரமே சாம்பல் பூத்துவிடும். மரத்தையே மறைக்கும் சாலிட் வகை மேலே தோல்போலப் படியும். ஆள் நடக்கும் தரையில் உரியத் தொடங்கினால் சுரண்டி மாளாது. என் முழங்காலைக் கேளுங்கள்.

மெல்லிசாக அடித்து, கால் மணி நேரத்தில் உறிஞ்சாமல் பளபளக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. அப்புறம், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே தரையில் விரித்துக் காயப்போடுங்கள்.