கர்லிங் குடும்பத்தில் பிறந்தால் ஒலிம்பிக் தங்கம் எளிதா?

கர்லிங் என்பது பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு, இலக்கு வட்டத்தின் மையத்துக்கு அருகே நிறுத்தும் ஆட்டம். பிரிட்டன் வீராங்கனை ஈவ் முயர்ஹெட்டை வைத்துச் சொல்கிறேன். 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நான் அவருடைய ரசிகன். அதனால் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாக இருக்கலாம்.

ஸ்காட்லாந்தில் பிளேர் அத்தோல் என்ற ஊர்ப் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம் ஈவுடையது. அப்பா கோர்டன் பல உலகப் போட்டிகளில் ஆடியவர், 1999-இல் பட்டம் வென்ற அணியிலும் இருந்தார். அண்ணன் தம்பி இருவரும் 2018 ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஆண்கள் அணியில் இருந்தார்கள். அதே அணியில் இருந்த கைல் ஸ்மித், கேமி ஸ்மித் சகோதரர்களின் அப்பாவும் 1991 உலகச் சாம்பியன். அந்தப் பகுதியில் கர்லிங் என்பதே சில வீடுகளுக்குள் சுற்றி வரும் ஆட்டம்தான். சின்ன வயதிலேயே பனித்தளம், கல், சொல்லித்தர ஆள் எல்லாம் கிடைத்துவிடும். ஈவ் 19 வயதிலேயே 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்கு ஸ்கிப், அதாவது கேப்டன். இதில் குடும்பத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பெரும்பாலும் கடைசிக் கல்லை எறிவது ஸ்கிப்தான். சுமார் 20 கிலோ கிரானைட் கல். கல் கையை விட்டுப் போனபின் கத்தலாம், மற்றவர்கள் பிரஷ்ஷால் பனியைத் தேய்த்துப் போக்கை லேசாக மாற்றலாம், அவ்வளவுதான். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஈவின் கடைசிக் கல் வெண்கலம் தந்தது. 2018-இல் வெண்கலத்துக்காக ஜப்பானோடு மோதியபோது கடைசிக் கல் கணக்குத் தப்பி, புள்ளி எதிரணிக்கே போனது. 5-3 தோல்வி. அதைப் பார்த்து எனக்கே வயிறு கலங்கியது.

அப்புறம் ஈவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. 2021 உலகப் போட்டியில் ஒலிம்பிக் இடம் கிடைக்கவில்லை. 9 பேரிலிருந்து புது அணி தேர்வாகி, டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்த தகுதிப் போட்டி வழியாகத்தான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அங்கே அரையிறுதியில் முதல் எண்டிலேயே (எண்ட் என்றால் ஆட்டத்தின் ஒரு சுற்று) ஸ்வீடன் 4 புள்ளி எடுத்தது. நான் டிவியை அணைக்கப் போய்விட்டேன். கடைசியில் 12-11 என்று ஜெயித்தார்கள். இறுதியில் ஜப்பானை 10-3 என்று வென்று தங்கம். அந்த அணியின் மாற்று வீராங்கனை மிலி ஸ்மித், மேலே சொன்ன ஸ்மித் சகோதரர்களின் தங்கை!

அதே ஆண்டு ஆகஸ்டில், 32 வயதில், ஈவ் ஓய்வை அறிவித்தார்.