வாசகர் கேள்வி: ஏ.சி. அறையின் சுவரில் காற்று எங்கே கசிகிறது?

கேள்வி: கடலூரில் புது வீடு கட்டி வருகிறோம். கூரை போட்டாகிவிட்டது, அடுத்த வாரம் உட்பூச்சு தொடங்குகிறது. இரண்டு படுக்கையறைகளுக்கு ஏ.சி. வைக்கப்போகிறோம். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி, அறைச் சுவர்களைக் காற்றுப் புகாதபடி கட்டச் சொல்கிறான். மேஸ்திரியோ, "செங்கல் சுவரில் காற்று எங்கேம்மா புகும்?" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி சொல்வதுதான் சரி, ஆனால் அங்குள்ள முறையை அப்படியே இங்கே கொண்டுவரத் தேவையில்லை. 1991இல் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த முதல் பாஸிவ் வீட்டிலிருந்து (மிகக் குறைந்த ஆற்றலிலேயே உள்வெப்பநிலையைக் காக்கும் வீடு) வளர்ந்த விதி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை விசிறியால் உண்டாக்கிச் சோதிக்கும்போது வீட்டின் மொத்தக் காற்று மணிக்கு 0.6 தடவைக்கு மேல் மாறக் கூடாது என்பது. அந்தக் கணக்கு குளிர்நாட்டு வெப்பச் செலவை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. உங்கள் ஊரில் கவலை வெப்பத்தைவிட ஈரத்தைப் பற்றியது.

செங்கல்லைவிட, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை நிரம்பாத செங்குத்துச் சந்துகளில்தான் காற்று ஓடுகிறது. அதைத் தடுப்பது 12 மில்லிமீட்டர் உட்பூச்சு ஒன்றே. அந்தப் பூச்சு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே கசிவு இருக்கும். ஃபால்ஸ் சீலிங் வரப்போகிறது என்று அதற்கு மேலே பூசாமல் விடுவார்கள். அலமாரி மறைத்துவிடும் என்று அதன் பின்புறத்தையும், ஸ்கர்ட்டிங் (தரையோரப் பட்டி) ஒட்டப்போகும் சுவரின் கீழ் அரை அடியையும் விடுவார்கள். இம்மூன்று இடங்களிலும் தளத்திலிருந்து கூரை வரை பூசி முடிக்கும்படி இப்போதே சொல்லிவிடுங்கள்; பின்னர் அங்கே கரண்டி போகாது. பீமும் செங்கல்லும் சேருமிடத்தில் கோழிவலை அடித்துப் பூசி, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டால் அங்கே விரிசல் விழுவது பெரிதும் குறையும்.

மிகப் பெரிய ஓட்டை பெரும்பாலும் சுவிட்ச் பெட்டிதான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் இரு அறைகளுக்கும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பெட்டி வைத்தால், நடுவில் சுவரே மிஞ்சாது. பெட்டிகளை ஓரடியாவது தள்ளி வைத்து, சுவரில் வெட்டிய காடிக்குள் சிமென்ட் சாக்கைத் திணிக்காமல் முழுக் கலவையில் பதிக்க வேண்டும். வயர் இழுத்த பின் பைப்பின் வாயையும், ஏ.சி. குழாய் போகும் துளையையும் சிலிக்கான் வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

மேஸ்திரியை நம்பவைக்க ஓர் ஊதுபத்தி போதும். பெயின்ட் அடிப்பதற்கு முன் கதவு, ஜன்னல்களைச் சாத்தி, குளியலறைக் கதவை மட்டும் திறந்து அங்குள்ள எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் ஊதுபத்தியைப் பிடியுங்கள். நேராக எழும் புகை திடீரென அறைப்பக்கம் வளைந்தால் அங்கே கசிவு உண்டு.

ஈரத்தைப் பற்றிச் சொன்னேனே. வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவில், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும். ஏ.சி. 22இல் ஓடும் அறைக்குள் அது சந்து வழியாக நுழைந்தால், குளிர்ந்த சுவரில்தான் வியர்க்கும். அலமாரியின் பின்புறம் பூஞ்சை பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதே காரணத்தால் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் வினைல் வால்பேப்பர் ஒட்டாதீர்கள். சுவர் வழியே வரும் ஈரம் அதன் பின்னால் தங்கிவிடும்.

கேள்வி: இப்படி அடைத்தால் மூச்சு முட்டாதா? (அதே வாசகர்)

பதில்: ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையே சுற்றவிடுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். காலையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறையையும், கேஸ் கீசர் உள்ள குளியலறையையும் ஒருபோதும் அடைக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கீசர் எரிந்தால் உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.